மிஞ்சிய மெழுகுக் கட்டி

காலையில் அந்த ஸ்லைடைப் பார்த்ததிலிருந்து ஆய்வாளர் பிபிகுலுக்கு உட்கார்ந்தால் எழ மனமில்லை. அதில் இருந்தவை, அவர்கள் ஆராயும் புரதம் துளிகூட இல்லாதபடி மரபணுவை வெட்டியெடுத்த செல்கள். புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடியின் வேலை. புரதமே இல்லாத இடத்தில் அது வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் நுண்ணோக்கியின் கீழே, அது ஒட்டிய இடத்தைக் காட்டும் பழுப்புச் சாயம் எங்கும். பார்த்ததையெல்லாம் கட்டிப்பிடித்திருக்கிறது சனியன்.

புற்றுநோயில் கெட்ட பெயர் வாங்கிய அந்தப் புரதம் மறதிநோய் மூளையிலும் ஏறிக் கிடக்கிறது என்று நாலு வருஷமாகச் சொல்லிவந்தார்கள். இரண்டு கட்டுரைகளும் வந்தாயிற்று. ஆன்டிபாடியைச் சரிபார்க்கும் இந்தச் செல்கள் அல்மாத்தி நகரச் சுங்கத்தைத் தாண்டி வர மாதக்கணக்காகும் என்று ஆன்டிபாடிக் குப்பியின் லேபிளை நம்பி இறங்கிவிட்டார்கள். படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது.

"நாலு வருஷமா வேற எவன் வீட்டுக் கதவையோ தட்டிட்டு இருந்திருக்கோம்ண்ணே," என்றாள், ஆய்வகத் தலைவர் அஸ்ஹத்திடம்.

அஸ்ஹத் தேநீரைக் கீழே வைத்தார். "பதினோரு பேர் மூளை தானமா வந்துச்சு. மிச்சம் எவ்வளவு?"

"மூளைத் துண்டு பதிச்ச மெழுகுக் கட்டி ஒண்ணே ஒண்ணு. ஒன்பதாம் நம்பர்."

"இன்னிக்கு வருவானே, அவன் அம்மாவா?"

"ஆமா."

"அவன்கிட்ட ஒளறி வைக்காத. நல்ல ஆன்டிபாடி வந்திருக்கு. அந்தக் கட்டியில ஒரு தடவை பாத்துட்டா, நாமளே தப்பைத் திருத்துன மாதிரியும் ஆச்சு. நீ சொன்னா கட்டியைத் திருப்பிக் கேப்பான். கேட்டா குடுத்துதான் ஆகணும்."

தானம் தந்த குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிய தாளில் அப்படித்தான் இருந்தது. பிபிகுலுக்கு அலுத்துப்போயிருந்தது.

டிராலிபஸ் ஓட்டும் கென்ஜெபெக் மதியம் வந்தான். ஒவ்வொரு வருஷமும் அம்மா இறந்த மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, ஏழு எண்ணெய் ரொட்டி சுட்டுக் கொண்டுவருவான். இறந்தவர்களுக்காகச் சுடுவது வீட்டில் பங்கிடப்படும். அம்மாவில் ஒரு பங்கு இங்கே இருப்பதால் அவன் இங்கேயும் கொண்டுவந்தான். முழு உடம்பாகப் புதைக்கவில்லை என்று பெரியப்பா இன்னும் அவனோடு ஒரே மேசையில் உட்காருவதில்லை.

துணியை அவிழ்த்துக்கொண்டே வழக்கமான வேடிக்கையைக் கேட்டான்: "என்னக்கா, எங்கம்மா ஒழுங்கா வேலைக்கு வராங்களா?"

ஒவ்வொரு வருஷமும், 'உன்னைவிட ஒழுங்கா வராங்க' என்பாள். இன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு தம்பி. ஒரு தப்பு நடந்துபோச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். ஆன்டிபாடி ஆளை மாற்றிப் பிடித்ததையும், மெல்லியதாய்ச் சீவிச் சீவி அம்மாவின் மூளையைத் தீர்த்ததையும். அவன் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

"பொய்னு தெரிஞ்சு சொல்லல. ஆனா பொய்தான்."

"பெரியப்பா என்னை அம்மா தலையை வித்தவன்னு சொல்றாரு. அவங்க வேலைக்குப் போயிருக்காங்கன்னு நான் ஜம்பமா சொல்லிட்டுத் திரிஞ்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மிச்சம் எதாச்சும் இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிபிகுல் இழுப்பறையைத் திறந்து சர்க்கரைக் கட்டியளவு மெழுகை அவன் முன் வைத்தாள்.

"இதுதான். இப்ப நல்ல ஆன்டிபாடி இருக்கு. இதுல பாத்தா உண்மை தெரியும். வேற கட்டி எங்ககிட்ட இல்ல. ஆனா நீ கேட்டா குடுக்கணும்."

அவன் மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தான். கீழே தெருவில் டிராலிபஸ் ஒன்று போனது.

"குடுத்துடுங்கக்கா. மண்ணுல சேர்த்துடறேன்."

நாலு வருஷத்துக்கு மிச்சமாய் இருந்தது அது ஒன்றுதான். பஞ்சில் பொதிந்து கொடுத்தாள். சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவன், வாசலில் நின்றான்.

"அன்னிக்கு அம்மா மூளையில கண்டுபிடிச்சதை நீங்க சந்தோஷமா சொன்னப்ப எனக்கு ஒரு எழவும் புரியலக்கா. இன்னிக்குத்தான் எல்லாம் புரிஞ்சுது."

அவன் போன பிறகு அஸ்ஹத் வந்தார். திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தார். தின்னுமுன் இறந்தவர் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்வது வழக்கம். வாய்வரை வந்த கை நின்றது.

"ஒன்பதாம் நம்பரோட பேரு என்ன?"

"குல்யாஷ்."

"நாலு வருஷமா இந்த ரொட்டியைத் தின்னுருக்கேன். கேட்டதே இல்ல பாரு."

ரொட்டியை வைத்துவிட்டு, வேண்டிக்கொள்ள இரண்டு கைகளையும் ஏந்தினார். பிபிகுலும் ஏந்தினாள்.