லண்டன் பத்திரத்துக் குடும்பம்

"கார் கேக்கது எனக்க ஆசைக்கு இல்ல, கேட்டியளா? குடும்பத்துக்க அந்தஸ்துக்கு" என்றார் ஆன்ட்ரூஸ்.

கருங்கலில், ஜெபமணி வீட்டு முன்னறையில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜெபமணி தன் மகள் ஷீஜாவைப் பார்த்தார். ஷீஜா மாப்பிள்ளை பிரைட்டனைப் பார்த்தாள். தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்த பிரைட்டன் தட்டிலிருந்த முந்திரிக்கொத்தைப் பார்த்தான். அவனுடைய அம்மா லில்லிபாய் கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து "தண்ணி போதும்" என்பதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை. அப்பா இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் ஆன்ட்ரூஸ்தான் எல்லாம் பேசினார்.

பேசியதோடு நிற்காமல், துணிப்பையிலிருந்து கண்ணாடி போட்ட சட்டம் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இவனுக்க அப்பா வழிப் பூட்டன் சத்தியநேசன் செஞ்ச பனையோலைப் பெட்டிக்கு லண்டன் பொருட்காட்சிக் கழகம் குடுத்த பாராட்டுப் பத்திரம். நூத்திமுப்பது வருசம் ஆச்சு. இப்படி ஒரு குடும்பத்துக்கு மருமகளா பஸ்ல வர முடியுமா?"

ஷீஜா எழுந்து வந்து சட்டத்தைக் குனிந்து பார்த்தாள். பத்திரத்தின் மூலையில் ஒரு எண் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. எட்டு மாதமாக அவள் பார்க்கும் வேலையே இந்த எண்களோடுதான். பழைய சமஸ்தான அலுவலகத்துக்கும் அந்தக் கழகத்துக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை ஆவணக் காப்பகத்தார் படம் பிடித்து அனுப்புவார்கள். வீட்டிலிருந்தபடியே படித்து, தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும்.

"மாமா, இதுக்க ஃபைல் எனக்க கம்ப்யூட்டர்ல இருக்கும். பாக்கட்டா?"

"பாரு மக்கா, நல்லா பாரு! எல்லாருக்கும் கேக்க வாசி!" ஆன்ட்ரூஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஷீஜா மடிக்கணினியைக் கொண்டுவந்து திறந்தாள். முதல் கடிதம் லண்டனிலிருந்து வந்தது. நாட்டுப்புறக் கைவேலைகளைச் செய்தவர் பெயரோடு அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அடுத்தது உள்ளூர் அதிகாரியின் அறிக்கை. அவள் தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள்:

"'பெட்டியை முடைந்தது சத்தியநேசன் மனைவி ஞானப்பூ. சுமந்து வந்தது சத்தியநேசன்.' பக்கத்துல பெரிய அதிகாரி சிவப்பு மையில எழுதியிருக்காரு: 'பெண்பிள்ளை பெயர் லண்டனுக்குப் போவது முறையல்ல. சுமந்தவன் பெயரைப் போடுக.'"

ஆன்ட்ரூஸ் தொண்டையைச் செருமினார். "அது... அந்தக் காலம்."

"இன்னும் இருக்கு மாமா. பத்திரம் குடுத்தப்பெறவு, அரங்கத்துல உக்காந்து முடைஞ்சு காட்டணும், சத்தியநேசன கப்பல்ல அனுப்புங்கன்னு கேட்டிருக்காவ. இங்க ஓரத்துல ஒரு குறிப்பு: 'ஆளுக்கு ஓலை முடையத் தெரியாது. காய்ச்சல் என்று எழுதுக.'"

ஜெபமணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடுத்த வருசமும் கேட்டிருக்காவ. அப்பவும் காய்ச்சல். மூணாம் வருசம் அவியளே காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை அனுப்பியிருக்காவ."

பிரைட்டன் வெடித்துச் சிரித்துவிட்டான். முந்திரிக்கொத்துத் தூள் ஆன்ட்ரூஸின் வேட்டியில் விழுந்தது.

ஆன்ட்ரூஸ் சுதாரித்துக்கொண்டார். "செரி, பெண்டாட்டி செஞ்சா என்ன? அதுவும் இவனுக்க குடும்பந்தானே? பெருமை எங்கயும் போவல. கார்..."

"அப்போ அந்த வீட்டுக்குப் பெருமை வந்ததே மருமவளா வந்து கேறின பொண்ணாலத்தானே மாமா? நான் வாறதுக்கு நீங்க என்ன தருவிய?"

'போச்சு, கல்யாணம் போச்சு' என்று ஷீஜா நினைத்தாள். ஆனாலும் சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

லில்லிபாய் எழுந்து வந்தாள். திரையில் இருந்த சிவப்பு எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"முப்பது வருசமா இந்தக் கண்ணாடியத் தொடச்சுகிட்டிருக்கேன். ஒரு நாளு ஒருத்தனும் இந்த ஞானப்பூ பேரச் சொல்லல." அவள் தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, காரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். என்னயக் கெட்டிக் குடுக்கச்சில அப்பா வயல வித்தது மறந்துபோச்சா? பிரைட்டா, நீ என்ன சொல்லுக?"

"எனக்கு லைசென்ஸே இல்லம்மா" என்றான் அவன். பிறகு ஷீஜாவைப் பார்த்து, "நான் பஸ்லயே வாறேன்" என்றான்.

"அவ செரின்னு சொன்னா வா" என்றாள் லில்லிபாய். "இதுல தப்பத் திருத்த முடியுமா மக்கா?"

"காப்பகத்துக்கு விண்ணப்பம் போடலாம் மாமி."

ஷீஜா திருத்தப் படிவத்தைத் திறந்தாள். செய்தவர் என்ற இடத்தில் ஞானப்பூ என்று அடித்தாள். லில்லிபாய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

"தகவல் சொல்லுகது யாருன்னு கேக்குது மாமி. உங்க பேரப் போடட்டா?"

"போடு. லில்லிபாய்."

"ஞானப்பூவுக்கு என்ன உறவுன்னும் கேக்குது."

லில்லிபாய் மேசையிலிருந்த சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்கு வந்த இன்னொரு மருமவள்னு போடு."