நிறைந்த கூடைக்கு முதல் ரொட்டி

மெக்சிகோவின் வாஹாக்கா மலையில் ஓனேசிமோவின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சொந்தக் காப்பித் தோட்டம் வைத்திருந்தது. அந்த வீட்டு ஆள் எவரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் கூடை கட்டியதில்லை. மூத்த மகன் எவோடியோ பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு அப்பாவோடு பழம் பறிக்க வந்தான். மறுவருஷம்தான் அரசாங்கத் திட்டம் ஊருக்கு வந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் பணம், பெண்பிள்ளைக்குக் கூடுதல், அதுவும் தாயின் கையில். தங்கை எர்மிலாவுக்குக் கறுப்பு ஷூ வந்தது. எவோடியோவுக்கு வயிறு எரிந்தது.

"நான் இடுப்பொடியப் பறிக்கிறேன். அவ பெஞ்சுல உக்காந்தே சம்பாதிக்கிறா," என்று அம்மா நிக்காண்ட்ராவிடம் முறையிட்டான்.

"விடியக்காலம் அவ அரைச்ச மாவுலதான் நீ ரொட்டி திங்கிற. அதையும் கணக்குல வச்சுக்கோ."

அறுவடை உச்சத்தில் பழங்கள் உதிரத் தொடங்கின. எவோடியோ அப்பாவின் காதில் போட்டான். "ஆள் பத்தலப்பா. எர்மிலா வந்தா என்ன?"

"நாலு நாள் பள்ளிக்குப் போகலேன்னா பணத்தை நிறுத்திடுவாங்க," என்றாள் நிக்காண்ட்ரா.

"உன் பணத்துக்காக என் பழம் மண்ணுல விழணுமா?" என்றார் ஓனேசிமோ. மனைவி கைக்குப் பணம் நேராக வருவது அவருக்கும் முள்ளாகத்தான் உறுத்தியது.

மறுநாள் எர்மிலா இடுப்பில் கூடையைக் கட்டினாள். அவள் அழுவாள் என்று எவோடியோ காத்திருந்தான். அவளோ கிளையை வளைத்து, சிவந்த பழங்களாகப் பார்த்து இரண்டு கையாலும் பறித்தாள்.

மதியம் நெருப்பில் வாட்டும் முதல் சோள ரொட்டி, முதலில் கூடையை நிறைத்தவருக்கு. அது அந்த வீட்டு வழக்கம். இரண்டு வருஷமாக எவோடியோவுக்கே கிடைத்தது. அன்று அப்பா அதில் உப்பைத் தூவி எர்மிலாவிடம் நீட்டினார்.

"பாருடா, ஒரு பச்சைக்காய் கிடையாது. நீ பறிச்சா ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு."

"அண்ணனுக்கே குடுங்கப்பா. மூஞ்சி சுண்டிப்போச்சு," என்று சிரித்தாள் எர்மிலா.

அந்தச் சிரிப்பு ஷூவைவிட அதிகமாகச் சுட்டது. பள்ளி அவளுக்கு, பணம் அவளுக்கு. அப்பாவின் பக்கத்து இடம் ஒன்றுதான் அவனுக்கென்று இருந்தது. அதையும் அவனே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் சரிவில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னான். "கூலிக்கு ஆள் வைக்க வக்கில்லாம, படிக்கிற பொண்ணை ஓனேசிமோ இழுத்துட்டு வந்துட்டாருன்னு பேசுவாங்கப்பா."

ஓனேசிமோவின் முதுகு விறைத்தது. "எவன் பேசினான்?"

"இன்னும் பேசலை."

அவர் இடுப்புக் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். பிறகு, "நாளைக்கு அவ பள்ளிக்கூடம் போகட்டும்," என்றார்.

காலையில் எர்மிலா ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே போனாள். எவோடியோ அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். அவர் மேல் வரிசையைக் காட்டினார்.

"தங்கச்சி பாதியில விட்டது. அதையும் நீயே முடிச்சிடு. அவ பறிச்ச மாதிரி பறி."