சுண்ணாம்புக்குள் ஒரு கால்

எங்கள் ஊரில் ரொட்டி வேண்டுமென்றால் ஊராட்சிக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் இயந்திரத்திடம்தான் போகவேண்டும். பட்டனை அழுத்தினால் விறைத்துப்போன நீள ரொட்டி ஒன்று விழும். அதனால் நானும் என் கணவர் ரெஜிஸும் வீட்டின் கீழ்த்தளத்தில் ரொட்டிக் கடை வைக்கப்போகிறோம் என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது.

எங்கள் வீட்டின் பின்சுவர் தேவாலயத்தின் பழைய சுவர். அடுப்பின் புகைபோக்கிக்காக ரெஜிஸ் அதில் சுண்ணாம்பைச் செதுக்கியபோது, சிவப்புக் கோட்டில் வரைந்த ஒரு வெறுங்கால் தெரிந்தது.

இதற்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பழையது எது வெளியே வந்தாலும், கட்டட வேலை முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தொல்பொருள் அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும். மறுபடி எப்போது தொடங்கும் என்பது ஆண்டவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு கிஸ்லேன், தன் ஒயின் கிடங்குக்கு அடியில் ரோமானியர் போட்ட தரையையே மூடி வைத்திருக்கிறாள்.

"பூசி மூடுடி," என்றாள் அவள். "அந்தக் காலுக்கு உன் ரொட்டி வேண்டாம். எனக்கு வேணும்."

எனக்கோ அது யாருடைய கால் என்று தெரிந்தாக வேண்டும். ரெஜிஸிடம் கெஞ்சி ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன்: நான் முகத்தைப் பார்த்ததும் அவர் சுவரை இடிக்கலாம். கரண்டிக் காம்பால் மெல்லச் சுரண்டினேன். முழங்கால் வந்தது, அங்கியின் மடிப்பு வந்தது, மீனை அந்த மடிப்புக்குள் பாதி மறைத்துப் பிடித்திருக்கும் ஒரு கை வந்தது. மீன் இருப்பதால் மீனவரான புனித பேதுருதான் என்றாள் கிஸ்லேன். இப்படி ஒளித்துப் பிடித்திருப்பவன் மீன் திருடனாகத்தான் இருப்பான் என்றார் ரெஜிஸ்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கழுத்தைத் தாண்டினேன். முகம் இல்லை. அந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை, செங்கல் வைத்து அடைத்திருந்தது. ஓரமெல்லாம் புகைக்கரி. என்றோ இங்கே குடியிருந்த யாரோ தங்கள் அடுப்புக் குழாயை அதன் வழியே விட்டிருக்கிறார்கள்.

உடன்பாட்டின்படி ரெஜிஸ் சம்மட்டியை ஓங்கினார். பிறகு கீழே வைத்துவிட்டு, கரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"குளிருக்குத்தான் உடைச்சிருப்பான். கெட்டவன் இல்ல," என்றார்.

"இப்ப நீங்க உடைக்கப் போறீங்களா?"

"முகம் அவனால போச்சு. கையும் மீனும் என்னால போக வேணாம். அலுவலகத்துக்கு நீயே போன் பண்ணு, சொலான்ஜ்."

கிஸ்லேன் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஆனால் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஏணியோடு வந்து இறங்கிய காலையில், எங்கள் வாசலில் முதல் ஆளாக நின்றது அவள்தான்.

"ஏம்மா," என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள், "அவருக்குத் தாடி இருந்திருக்குமா?"