சளைத்த கழனி

“ஆறு மாசம் அம்மா எங்கூட கள்ளக்குறிச்சியில இருக்கட்டும்பா. இப்பவே அனுப்பு.”

கேட்டேவிட்டாள் மணிமொழி. அப்பாவிடம் இதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாதென்று அம்மா தன் தலைமேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அப்பா ராமசாமி வரப்பில் நின்று, பூவெடுத்த சணப்பையை டிராக்டர் மடக்கி உழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்ட கரும்பை வெட்டி, கட்டையில் தழைத்ததையும் இரண்டு தரம் வெட்டிவிட்டால், அப்புறம் அவர் அந்தக் கழனியில் கரும்பு வைக்கமாட்டார். “மண்ணு சளைச்சிப் போச்சி” என்பார். சணப்பை விதைத்து, மண்ணுக்கே உரமாக உழுது, ஆறப்போடுவார். யார் சொன்னாலும் அசையமாட்டார். சினைமாட்டுக்கும் அந்தச் சொல் உண்டு. “சளைச்சிடும்” என்று கன்று போடுவதற்கு முன்னாலேயே கறப்பதை நிறுத்திவிடுவார்.

சளைப்பது என்றால், கொடுத்துக் கொடுத்தே, கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டு வருவது. இது விளங்க மணிமொழிக்குப் பட்டப்படிப்பு தேவைப்படவில்லை. அந்தச் சொல் ஏன் ஒருநாளும் அம்மாவின் பக்கம் வரவில்லை என்பதுதான் விளங்கவில்லை. தண்ணீர் சுமக்கும் அம்மா பெரியநாயகிக்கு இரண்டு குடம் ஒரு குடமானது. பிறகு அந்த ஒன்றையும் வழியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள். நகமெல்லாம் வெளுத்தது. அதற்கு அந்த வீட்டில் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம்.

“இன்னாடி பேசற? ராமசாமி பொண்டாட்டி பொண்ணு வூட்டுக்குப் பொழைக்கப் போயிட்டானு ஊரு சிரிக்கணுமா? இங்க சோறு ஆக்கறது யாரு?”

“ரத்தப்போக்கு நிக்கணும்னா கர்ப்பப்பைய எடுக்கணும், அப்பறம் கனம் தூக்கக் கூடாதுனு டாக்டர் சொல்லிட்டாங்க. இங்க இருந்தா மறுநாளே தூக்கவுடுவ.”

“ஊசி போட்டா சரியாப் பூடும்.”

“மண்ணு சளைச்சா ஆறப்போடற. மாடு சளைச்சா கறக்காம வுடற. அம்மா சளைச்சிக்கினே வர்றது மட்டும் தெரியல, இல்ல?”

“பொம்பள சளைக்கறாளாம்!” ராமசாமி சிரித்தார். “படிக்கவச்சதுக்கு நல்லா பேசற.”

பக்கத்துக் கழனியில் கரும்பு வெட்டினார்கள். அங்கே கழித்துப்போட்ட கரும்பு நுனியை, கொழுந்தாடையை, மாட்டுக்காகக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வரப்பு முனையில் பெரியநாயகி நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

“ஏன்டி கேட்ட?” என்றாள், மூச்சிரைக்க.

“அப்பாகிட்ட கேட்டது மரியாதைக்குத்தாம்மா. ஆஸ்பத்திரியில நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. உன் துணியெல்லாம் இதுல இருக்குது.”

மணிமொழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சி பஸ் வரும் கச்சிராயபாளையம் ரோட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் கொழுந்தாடைக் கட்டு தொப்பென்று தரையில் விழும் சத்தம். அவள் திரும்பவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.