காரிக்குப் போட்ட புல்

முப்பத்தைந்தாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்கள் வாசல் உழுது போட்ட கொல்லை மாதிரி கிடக்கிறது. மிஷன் பங்களாவில் துரைசானி வளர்த்த புல்தரையைப் பார்த்து ஆசைப்பட்டு, எங்கள் ஊர் பரவையில் இந்த வாத்தியார் வீட்டுக்கு முன்னால் என் மனைவி பாக்கியம் பாடுபட்டு வளர்த்த புல். அது திட்டுத் திட்டாகப் பெயர்ந்து கிடந்தது. நடுவில் பக்கத்து வீட்டு வெள்ளைத்துரையின் ஜல்லிக்கட்டுக் காளை, காரி, கொம்பெல்லாம் ஈர மண்ணோடு நின்றது. பொங்கலுக்கு முன்னால் காளைகளுக்கு மண் குத்தப் பழக்குவார்கள். அதற்கு நாங்கள் தினமும் தண்ணீர் விட்ட பதமான மண்தான் தோதாக இருந்திருக்கிறது.

"என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கயிற்றைப் பிடித்து நின்ற வெள்ளைத்துரையிடம் கேட்டேன்.

"மாடுன்னா மண்ணு குத்தத்தான் செய்யும், வாத்தியாரே. ஆட்டுக்கும் போடாம மாட்டுக்கும் போடாம அழகுக்குப் புல்லு வளக்க நீங்க என்ன வெள்ளக்காரத் தொரையா?"

எங்களோடு விருந்துக்கு வந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாக்கியத்தின் முகம் சிவந்துபோயிற்று.

அந்தத் தையில் அலங்காநல்லூரில் காரியை எவனாலும் தொட முடியவில்லை. மாலையும் மேளமுமாக வந்த ஊர்வலம் வேண்டுமென்றே எங்கள் வாசலில் நின்று ஒரு ஆட்டம் போட்டது. பாக்கியம் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"அந்த ஆளு மீசை ஊருக்கு முன்னால தொங்கணும். அன்னைக்குத்தான் எனக்கு ஆத்திரம் அடங்கும்."

"ஜெபத்துல சொல்லு, ஆறிரும்."

"சொல்லியாச்சு. ஆண்டவர் பங்கை அவர் பாத்துக்கட்டும், எம் பங்கை நான் பாத்துக்கிறேன்."

பங்குனியில் வாசலைக் கொத்திக் கோரைக்கிழங்கு பொறுக்கினாள். சித்திரை வெயிலில் மண்ணைக் காயவிட்டாள். ஆடியில் சோழவந்தான் வாய்க்கால் கரையிலிருந்து அருகம்புல் வரவழைத்து, வெறுந்தரையாகக் கிடந்த இடமெல்லாம் சாண் விட்டுச் சாண் நட்டாள். எருவுக்கு எங்கே போனாள் என்கிறீர்கள்? வெள்ளைத்துரை வீட்டுத் தொழுவத்துக்கே போனாள்! அவர் சம்சாரம் அழகம்மாள் நல்ல மனுஷி, கூடை கூடையாக மக்கின சாணம் கொடுத்தாள். எனக்குத்தான் மானம் போயிற்று.

ஐப்பசி அடைமழையில் புல் கொடியோடிச் சொட்டைகளை மூடியது. எருவுக்குக் கைம்மாறு என்று சொல்லி, அறுத்த புல்லைப் பாக்கியம் தானே கொண்டுபோய்க் காரிக்குப் போட்டாள். சொந்தக்காரரைத் தவிர வேற்றாள் வாடை பட்டாலே சீறுகிற மாடு அது. முதலில் தள்ளி நின்று எறிந்தாள், பிறகு கையில் வைத்து நீட்டினாள். கார்த்திகை முடிவதற்குள், "வா கண்ணு" என்று அவள் கூப்பிட்டால் காரி தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டும். அவள் சொறிந்துவிடுவாள்.

"வாத்தியாரம்மாவுக்குக் கோவம் ஆறிப்போச்சு போல" என்றார் வெள்ளைத்துரை.

"மாட்டு மேல எனக்கென்னண்ணே கோவம்?" என்றாள் பாக்கியம்.

தை பிறந்ததும் அலங்காநல்லூருக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கூட்டமென்றாலே முகம் சுளிக்கிறவள்! வாடிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாட்டு வண்டிமேல் இடம் பிடித்தோம். அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. கட்டுச்சோறு என்று நினைத்தேன்.

காரி சீறிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் இரண்டு பேரைத் தூக்கி எறிந்தது. கூட்டம் சிதறி வழிவிட, வெள்ளைத்துரை மீசையில் கை வைத்தார். பாக்கியம் பையிலிருந்து ஒரு கட்டு அருகம்புல்லை எடுத்து நீட்டி, "வா கண்ணு" என்றாள்.

காரி நின்றது. மூக்கை விடைத்தது. பிறகு கோயில் பசு மாதிரி நடந்து வந்து எங்கள் வண்டியோரம் தலையைத் தாழ்த்தியது. இளவட்டம் ஒருவன் நிதானமாக வந்து, கொம்பில் கட்டியிருந்த துண்டை முடிச்சவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான். அத்தனை கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

மறுவாரம் காலையில் வெள்ளைத்துரை காரியை ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் அது காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார், வாலை முறுக்கிப் பார்த்தார். நகரவில்லை.

"எங்கண்ணே ஓட்டிட்டுப் போறீங்க?" என்று பாக்கியம் கேட்டாள்.

"சந்தைக்கு. புடிபட்ட மாட்ட எவன் தொழுவத்துல கட்டுவான்? அடிமாட்டுக்குத்தான்."

பாக்கியம் ஓடிப்போய் வாசல் வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிடிபட்ட மாட்டுக்கு இதுதான் கதி என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"வேணாம்ணே. எங்ககிட்டக் குடுத்துருங்க. நாங்க வச்சுக்கிறோம்."

"ஒங்களுக்கா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வேற யாரு கேட்டாலும் சும்மாவே குடுத்திருப்பேன். ஒங்களுக்கு மட்டும் தர மாட்டேன்."

"நான் செஞ்சதுக்கு அது என்னண்ணே பண்ணும்?"

வெள்ளைத்துரை குனிந்தார். வேலிக்குள் கையை விட்டு ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் காரியின் மூக்குக்கு நேரே காட்டினார். காரி முகர்ந்து பார்த்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர் பின்னால் நடந்தது.