வெள்ளைமுடியன் சாகமாட்டான்

வெள்ளைமுடியன் கடலில் மூழ்கிய ஞாயிற்றுக்கிழமை பஞ்சலிங்கத்தின் வீட்டில் ஒரு பிள்ளையும் அழவில்லை. எல்லாரும் திரும்பிப் பஞ்சலிங்கத்தைத்தான் பார்த்தார்கள். ரீவியில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைமுடியனின் நீல அங்கி தண்ணீருக்குள் விரிந்தது, சுருங்கியது, பிறகு ஒரு கறுப்புப் புள்ளியாகிக் கீழே போனது. யப்பான் மொழியில் ஒரு பெண் மெதுவாகப் பாடினாள். பாட்டு முடிந்து எழுத்துகள் ஓடின. சாக்குக் கட்டி இருட்டாக்கிய யன்னலுக்கு வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. படத்தில் யார் பேசினாலும் பக்கத்தில் முக்காலி போட்டிருந்து அதைத் தமிழில் சொல்வது பஞ்சலிங்கத்தின் வேலை. அவருக்கு யப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னதுதான் கதை.

"எழும்பி வீட்டை போங்கோ," என்றார் கடைசியில். "வாற ஞாயிறு வருவான்."

அது எண்பத்தாறாம் ஆண்டு. வல்வெட்டித்துறையில் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு விட்டவர்களில் பஞ்சலிங்கமும் ஒருவர். அந்தக் காட்டூன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் கப்பலில் வேலை செய்த பரமலிங்கம். ஐந்து கசெற். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள் என்று உறைகளை எறிந்துவிட்டு, கசெற்றுகளை மட்டும் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். லீவு முடிந்து ஓடுகிற அவசரத்தில் அவற்றைப் பஞ்சலிங்கத்தின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மேலே ஒட்டியிருந்ததெல்லாம் யப்பான் எழுத்து. எது முதல், எது கடைசி என்று சொல்ல ஆளில்லை. பஞ்சலிங்கம் ஒரு பகல் முழுக்க இருந்து ஐந்தையும் பார்த்து, பிளாஸ்ரர் துண்டுகளில் இலக்கம் எழுதி ஒட்டினார். அதில் அவருக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. ஒன்றில் வெள்ளைமுடியன் கடலில் மூழ்குகிறான். இன்னொன்றில் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறான். மூழ்கினவன்தானே ஒதுங்குவான். அதோடு, சின்ன வயதிலிருந்து படம் பார்த்துவருகிற மனிதர் அவர். கதாநாயகன் விழுந்தால் அது இடைவேளை. அப்படியே சாகவிட்டு எந்த விசரன் படத்தை முடிப்பான்? மூழ்குகிறதற்கு நாலு, ஒதுங்குகிறதற்கு ஐந்து.

முதல் மூன்று கசெற்றுகளிலும் வெள்ளைமுடியனை ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்பு பட்டு அம்பு முறிந்தது. மலை அவன்மேல் விழுந்தது, அவன் தோளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். புருவத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரு தழும்பு மட்டும்தான் அவன் உடம்பில் எவரும் போட முடிந்த காயம். ஊர்ப் பெடியள் சண்டை பிடிக்கும்போது யார் வெள்ளைமுடியன் என்பதற்கே முதலில் ஒரு சண்டை நடந்தது.

மூன்றாவது கசெற்றுக்கும் நாலாவதற்கும் இடையில்தான் மீன்பிடிக்கப் போன கதிரவேலு காணாமற்போனார். விடியச் சென்ற வள்ளம் தொண்டைமானாற்றுக்கு வெளியே கவிழ்ந்து மிதந்தது. பக்கப் பலகையில் சூட்டுத் துளைகள் இருந்தன. கூடப் போனவரின் உடல் வலைக்குள் சிக்கிக் கிடைத்தது. கதிரவேலுவின் உடல் கிடைக்கவில்லை.

அதற்காக ஊர் உடனே அழுதுவிடவில்லை. கதிரவேலு ஏற்கனவே இரண்டு தரம் செத்தவர். ஒரு புயலில் அடிபட்டுக் கோடியக்கரையில் ஏறி, வீட்டில் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குச் சமைத்துக்கொண்டிருந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு வந்தார். இன்னொரு தரம் நேவிக்காரர் பிடித்து எங்கேயோ வைத்திருந்து, பிறகு விட்டார்கள். தாடியோடு வந்து, தன் படத்துக்கு யார் மாலை போட்டது என்று கேட்டார். கதிரவேலுவைக் கடல் தின்னாது, கசக்குமென்று துப்பிப்போடும் என்று கள்ளுக் கொட்டிலில் ஒரு பகிடி இருந்தது. அவருடைய மனைவி பத்மாசினி மூன்றாம் தரம் அழ மறுத்தாள். பொட்டை அழிக்கவில்லை. தாலியில் யாரையும் கைவைக்க விடவில்லை. ஆனால் வெளியிலும் போகவில்லை. பொட்டோடு போனால் ஒரு பார்வை, இல்லாமற் போனால் வேறு பார்வை.

மகள் அருந்ததிக்குப் பதினொரு வயது. நாலாவது கசெற் பார்த்துவிட்டு வந்த பின்னேரம் அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பா காணாமற்போனதற்குக்கூட அப்படி இருக்காத பிள்ளை. அடுத்த ஞாயிறு, தனியப் போகப் பயமாயிருக்கிறது என்று தாயைக் கூப்பிட்டாள். பத்மாசினி முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு அவளோடு போனாள். பஞ்சலிங்கத்தின் வீட்டில் பின்கதவோரம் பெண்களோடு இருந்தாள். அவள் வந்ததைக் கண்டு கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாவது கசெற் ஒரு கடற்கரையில் தொடங்கியது. விடியற்புறம். பாசிக்குள் ஒருவன் குப்புறக் கிடந்தான். கரைவலைக்காரர் மாதிரி நாலைந்து பேர் ஓடிவந்து புரட்டினார்கள். வெள்ளை முடி. தண்ணீரைக் கக்கிக் கண்ணைத் திறந்தான். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜெனரேற்றர் இரைச்சல் கேட்கவில்லை. பஞ்சலிங்கம் முக்காலியை விட்டு எழும்பி நின்றே கதை சொன்னார்.

அந்தச் சத்தத்துக்குள் அருந்ததி கையை உயர்த்தினாள். "மாமா, முகத்திலை தழும்பைக் காணேல்லை."

"உப்புத்தண்ணி எல்லாத்தையும் ஆத்திப்போடும், பிள்ளை."

"அப்ப ஏன் அவன் ஒருத்தரையும் அடையாளம் பிடிக்கிறானில்லை? அந்தக் கிழவன் அவனுக்கு வாள் குடுத்த கிழவனெல்லே?"

பஞ்சலிங்கம் திரும்பி ரீவியைப் பார்த்தார். "அவ்வளவு நாள் கடலுக்கை கிடந்தவனுக்குத் தன்ரை பேரே தெரியாது. பிறகு கிழவனை எப்பிடித் தெரியும்? உயிர் மிஞ்சினால் போதாதோ?"

கேள்வி கேட்ட பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமாயிருந்தது. தாய்க்குத்தான் அது உள்ளே போய் இருந்துகொண்டது. அதுவரை அக்கரையிலிருந்து வள்ளத்தில் வருகிற ஓட்டிகளிடம் பத்மாசினி ஆள் அனுப்பிக் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. கதிரவேலு என்று ஒருவர் அங்கே ஏறினாரா? இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் ஆள் அனுப்பவில்லை, தானே கரைக்குப் போனாள். கேள்வியையும் மாற்றிவிட்டாள். பேர் சொல்லத் தெரியாத ஆள் யாராவது அந்தப் பக்கம் இருக்கிறாரா? வேதாரணியத்தில், நாகபட்டினத்தில், ஆஸ்பத்திரியில், கோயில் வாசலில்? ஓட்டிகள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படி ஆட்கள் எங்கேயும் இருப்பார்கள். விசாரித்துப் பார்ப்பதாக ஒருவர் சொன்னார். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாத கேள்வி அது. அதனாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒரு காட்டூனைப் பார்த்துவிட்டுக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. முப்பத்தைந்து வயதில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே கேட்டாள்.

கார்த்திகையில் கதிரவேலுவின் தமையன் தியாகராசா வந்தார். தையில் அவருடைய மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தது. தம்பி உயிரோடு இருந்தால் துடக்கு இல்லை. செத்திருந்தால் எல்லாருக்கும் துடக்கு, அந்தத் தீட்டோடு கலியாணம் செய்ய முடியாது, கழிப்பதற்கு ஒரு வழி வேண்டும். ஐயர் வழி சொல்லியிருந்தார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி, அதை உடலாகவே எண்ணி எரித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்யலாம். அது இல்லாமல் செத்தவருக்கும் போக்கிடமில்லை. தியாகராசா இதையெல்லாம் விறாந்தைக் கப்புத் தூணைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

"நான் அவனைச் சாகச் சொல்லேல்லை, பிள்ளை. செத்தானோ எண்டுதான் கேக்கிறன்."

"ரெண்டுதரம் கேட்டனீங்கள், பெரியத்தான். ரெண்டுதரமும் வந்து நிண்டவர்."

குசினி வாசலில் நின்ற அருந்ததி, மலை விழுந்தபோது வெள்ளைமுடியனின் ஆட்களும் அப்படித்தான், அவன் செத்துப்போனான் என்று கல் நட்டவர்கள் என்றாள். யாரவன் என்று கேட்டார் தியாகராசா. அவள் சொன்னாள். அம்பு, மலை, தழும்பு, கப்பல், கடல், கரை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். ஆறடி உயரமான அந்த மனிதர் ஒரு பிள்ளையின் கதையைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிட்டது. அதைத் தொடாமல் எழும்பிப் போனார். கலியாணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டார்கள்.

பரமலிங்கம் மாசியில் லீவில் வந்தான். நல்ல மனிதன். வந்த அடுத்த நாளே துக்கம் விசாரிக்கப் பத்மாசினி வீட்டுப் படியேறினான், ஆனால் அந்த வீட்டில் துக்கம் விசாரிக்கலாமா என்று தெரியாமல் சோப்புக்கட்டியும் சொக்கிலேற்றும் வைத்துவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான். கதிரவேலுவைப் பற்றி எப்படித் தொடங்குவதென்று விளங்காத நேரத்தில் அருந்ததி கசெற்றைப் பற்றிக் கேட்டது அவனுக்குப் பெரிய விடுதலையாகப் போய்விட்டது. முகம் மலர்ந்து கதைக்கத் தொடங்கினான். கப்பலில் தன்னோடு வேலை செய்த யப்பான்காரன் அந்தப் படத்தைப் பத்துத் தரமாவது பார்த்திருப்பானாம். ஒவ்வொரு தரமும் கடைசியில் அழுவானாம்.

"கடைசியிலை ஏன் அழவேணும், மாமா? கடைசியிலை அவன் வாறானெல்லே?"

"எங்கை வாறான்? கப்பல் எரிஞ்சு கடலுக்கை போறதெல்லே முடிவு."

"இல்லை. பிறகு கரை ஒதுங்குறான்."

பரமலிங்கம் சிரித்தான். "பஞ்சலிங்கம் அண்ணை உங்களுக்குத் தலைகீழாய்ப் போட்டுக் காட்டியிருக்கிறார், பிள்ளை. கரை ஒதுங்குறதுதான் தொடக்கம். அவன் எங்கையிருந்து வந்தவன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கடல் கொண்டுவந்து போடுது, பிறகு கடலே கொண்டு போகுது. அவ்வளவுதான் கதை."

பத்மாசினி குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஓடிப்போய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் மகளின் குரல் அமைதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்கிற குரல்.

"அதுதான் தழும்பு இல்லை," என்றாள் அருந்ததி. "அது பிறகுதானே வரும்."

"ஓம்."

"அவனுக்கு ஞாபகம் போகேல்லை. அவன் இன்னும் ஒருத்தரையும் சந்திக்கேல்லை."

அப்போதுதான் பரமலிங்கத்துக்கு விளங்கியது. கோப்பையோடு வந்து வாசலில் நின்ற பத்மாசினியின் முகத்தைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். யப்பான்காரர் இன்னும் ஒரு கசெற் எடுக்கப்போகிறார்களாம், அதில் வருவானாம் என்று அவசரமாகச் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. அருந்ததி தலையாட்டினாள். அவன் மனம் நோகக்கூடாதென்று ஆட்டிய தலை அது.

பின்னேரம் பஞ்சலிங்கமே வந்தார். பரமலிங்கம் சொல்லியிருக்க வேண்டும். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. உவன் பரமலிங்கத்துக்கு ஒரு கோதாரியும் தெரியாது, தான் போட்ட ஒழுங்குதான் சரி என்று பிள்ளையிடம் சொல்கிறேன் என்றார். சொன்னால் நம்புவாள், தான் சொன்னதை எந்தப் பிள்ளை நம்பாமல் விட்டது என்றார். பத்மாசினிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

"வேண்டாம் அண்ணை. அவள் எல்லாத்தையும் பொருத்திப் பாத்திட்டாள். இப்பதான் சரியாப் பொருந்துது."

அடுத்த நாள் விடிய, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது, அருந்ததி திரும்பாமலே சொன்னாள். "பெரியப்பாட்டைச் சொல்லுங்கோம்மா. ஐயர் சொன்னதைச் செய்யட்டாம்."

பத்மாசினியின் கை பின்னலில் நின்றது. இவள் சிறுபிள்ளை, இவளுக்காகத்தான் நான் நம்புகிறமாதிரி இருக்கிறேன் என்று இத்தனை மாதமும் தனக்குத்தானே சொல்லிவந்தவள் அவள். பிள்ளையும் தாய்க்காக அப்படியே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. நாடாவை இறுக்கி முடிந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தியாகராசா வீட்டுக்கு நடந்தாள். போகும் வழியில் அக்கரை வள்ளம் ஒன்று கரையேறி நின்றது. ஓட்டிகள் அவளைக் கண்டு, ஏதோ சொல்ல வருகிறவர்கள் மாதிரி எழும்பினார்கள். அவள் நிற்கவில்லை.

அந்தக் கிழமையே செய்தார்கள். ஐயர் முற்றத்தில் இருந்து தர்ப்பையால் உருவம் கட்டினார். தலை, கை, கால். ஒரு பிள்ளையைவிடச் சின்னது. கதிரவேலுவின் வேட்டியை அதற்குப் போர்த்தியபோது துணிதான் மிச்சமாக நின்றது. ஒரு கையால் தூக்கக்கூடியதை முறைப்படி நாலு பேர் தூக்கினார்கள். பாரமில்லாததைப் பாரம்போலத் தூக்கத் தெரியாமல் அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுபட்டார்கள். பறை முன்னே போனது. படலையோடு பெண்கள் நின்றார்கள். அழுகை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியது.

உடல் போன கையோடு வீடு கழுவ வேண்டும். பக்கத்து வீட்டுச் செல்வநாயகி மாமி தண்ணீர் அள்ளித் தந்தாள், பத்மாசினி உள்ளறையிலிருந்து தொடங்கினாள். அருந்ததி விளக்குமாற்றால் தண்ணீரை வெளியே தள்ளிவந்தாள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். ஒரு மனிதர் எரிவதற்குள் வீடு முழுக்கக் கழுவி, முற்றம் கூட்டி, குளித்து, ஈரத் தலையோடு கொஞ்ச நேரம் சும்மா இருக்கவும் முடியும்.

அவர்கள் விறாந்தைக்குக்கூட வரவில்லை. படலையில் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பிவிட்டார்கள். கடலில் முழுகிய ஈரத்தோடு, உடுப்பு உடம்போடு ஒட்ட, வெளியே ஒழுங்கையில் நின்றார்கள். வீடு கழுவி முடியாமல் உள்ளே வரமுடியாது.

"அதுக்குள்ளையோ?" என்றாள் செல்வநாயகி மாமி.

தியாகராசா நிலத்தைப் பார்த்தார். "புல்லுத்தானே மாமி," என்றார். "பத்தினதும் முடிஞ்சுது."

பத்மாசினி அடுத்த வாளியை எடுத்து விறாந்தையில் ஊற்றினாள். அருந்ததி நிமிரவில்லை. மூலையிலிருந்து தொடங்கி, ஓர் இடமும் விடாமல், மெதுவாகத் தள்ளினாள். தண்ணீர் படியிறங்கி, முற்றத்து மணலில் கொஞ்சம் சுவறி, மிச்சம் படலைக்குக் கீழால் ஒழுங்கைக்கு ஓடியது. ஆண்கள் அதற்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.