நெட்டைக்காலியின் வீம்பு

பட்டறைக்குள் நாள் முழுக்க நிற்காமல் ஓடும் வண்டி, தெருவில் இறங்கி பேக்கரி வளைவைத் தாண்டியதும் செத்துப்போகிறது. ஏன்?

லேத் பட்டறை நடத்தும் அந்த அம்மாளுக்கு இந்த ஒரு கேள்வியால் தூக்கம் போயிருந்தது. அவள் கையால் உருவான மோட்டார் சைக்கிள் அது. என்ஜின் மட்டும் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அவளைவிட வயதில் மூத்தது. மற்றதெல்லாம் அவள் வேலை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஆள் உயரத்துக்கு நீட்டியிருந்தாள். பின் மட்கார்டைப் பாதியாக வெட்டியிருந்தாள். மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டியே பெட்ரோல் டேங்க்கை வளைத்திருந்தாள். முன்னால் காலை நீட்டிக்கொண்டு நிற்கும் அழகைப் பார்த்து, 'நெட்டைக்காலி' என்று புருஷன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

பெயிண்ட் மட்டும் கொழுந்தன் கைவேலை. டேங்க்கின்மேல் அவன் தூரிகையால் மெல்லிய கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். அறையில் இருக்கும் மற்றவர்களும் அடக்கிக்கொள்ள வேண்டும். பெயிண்டில் ஊசிமுனை அளவு துளை தெரிந்தால்கூட அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. டேங்க் மூடியில் கீறல் விழுந்துவிடும் என்று பயந்து, வண்டி பட்டறையில் நிற்கும் நேரமெல்லாம் அதைக் கழற்றி, மெத்தென்ற துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவான். வெளியே கிளம்பும்போதுதான் மூடி வண்டிக்கு வரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பழைய வண்டிகளைத் தங்கள் கையால் மாற்றிக் கட்டுகிறவர்கள் எல்லோரும் பெட்ரோல் பங்கில் கூடி, வரிசையாக மைதானம்வரை ஓட்டிப்போகும் நாள். அவர்களுடைய சங்கத்தில் ஒரே விதிதான்: வண்டி தானாக ஓடி வர வேண்டும். வழியில் நின்றுவிட்டால் பின்னால் வரும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்படி வந்த வண்டிகளை மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிறுத்துவார்கள். அதற்குப் பெயர் சாமான் வரிசை. போன வருடம் நெட்டைக்காலி அங்கேதான் நின்றது. "என்னம்மா, பீரோ எங்கே இறக்கணும்?" என்று ஒருவன் கேட்டது அவள் காதில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் பார்க்காத இடம் இல்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினாள். கார்ப்பரேட்டரை மூன்று தடவை பிரித்துக் கழுவினாள். பெட்ரோல் குழாயைப் புதிதாகப் போட்டாள். எல்லாம் முடித்துப் பட்டறையில் ஸ்டார்ட் செய்தால், சமர்த்தாக ஓடிக்கொண்டே இருந்தது.

இன்றும் நன்றாகத்தான் கிளம்பியது. பின்னால் வேனில் புருஷனும் கொழுந்தனும் கயிற்றோடு வந்தார்கள். பேக்கரி வளைவு தாண்டியது. என்ஜின் இரண்டு இருமல் இருமியது. நின்றது.

வேன் நின்றது. இதற்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. புருஷன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர்; பஸ் நிறையப் பிள்ளைகளைக் குரலாலேயே உட்காரவைப்பவர். வண்டி நின்றதும் இறங்கி வந்து, "உனக்கு என்ன குறை வெச்சோம்? வீட்ல இருக்கும்போது குதிக்கிற, வெளியே வந்தா படுத்துக்கிற!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டிக்கொண்டே மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருக்கும். மூடுவார். அவள் உதைப்பாள். வண்டி கிளம்பிவிடும். அடுத்த தெருக்கோடியில் மறுபடி நிற்கும்.

"பாத்தியா, திட்டினாத்தான் கேக்குது. நீ செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே" என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

இன்று வெயிலில் அவருக்குத் தாகம். தண்ணீர் பாட்டிலை வாயில் கவ்வி உறிஞ்சிக்கொண்டே வந்து, இரண்டு கையாலும் மூடியைத் திருகினார். வாயில் பாட்டில், அதனால் திட்டு இல்லை.

ஸ்ஸ்ஸ்.

"என்ன சத்தங்க அது?"

அவர் பாட்டிலை எடுத்தார். "எது?"

"மூடியைத் திறந்ததும் ஸ்ஸுன்னு ஒண்ணு வந்துச்சே."

"ஓ, அதுவா. அது எப்பவும் வரும்."

"எப்பவுமா? ஏன் சொல்லலே?"

"நான்தான் பேசிட்டிருப்பேனே!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். விடாமல் உறிஞ்சியதில் அது ஒட்டிய கன்னம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது; வாயிலிருந்து எடுத்ததும் காற்று புகுந்து 'டப்' என்று உப்பியது.

"மூடியைக் குடுங்க."

வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை.

"தம்பி, நான் கடைஞ்சு குடுத்தப்போ இதுல ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சே?"

கொழுந்தன் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யார்கிட்டயும் மூச்சு விடலே அண்ணி. கை தவறி டிரில் இறங்கிடுச்சுன்னு பாத்ததுமே புரிஞ்சுடுச்சு. உங்க வேலையில ஒரு குறைன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு, பட்டி வெச்சு அடைச்சு, தேய்ச்சு, மேல மூணு கோட் அடிச்சேன். இப்ப நீங்களே தேடினாலும் கிடைக்காது!"

"கிடைக்கலையேப்பா! அதைத்தானே ஒரு வருஷமா தேடிட்டிருக்கேன்! அது ஓட்டை இல்ல, மூக்கு. மூக்கைப் போய் அடைச்சிருக்கே!"

புருஷன் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவதற்கு ஆள் மாறியதில் அவருக்குப் புது உற்சாகம். "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று ஆரம்பித்தார்.

"அப்புறமா திட்டுங்க. பங்க்ல எல்லாரும் கிளம்பிடுவாங்க. டிரில் இருக்கா?"

"டிரில்லா?" கொழுந்தன் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "பெயிண்ட் பொரிஞ்சிடும் அண்ணி! நானே பண்றேன்." ஸ்பிரே கன் அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்கும் ஊசி அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். மூடியை வேன் சீட்டின்மேல் மல்லாத்தி, பழைய துளையின் அடிப்பக்கம் தெரிந்த இடத்தில் ஊசியை நுழைத்தான். மூச்சை அடக்கினான். மற்ற இருவரும் அடக்கினார்கள். பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்து, மேல்பக்கம் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

"அசிங்கமா இருக்கு" என்றான் அழாத குறையாக. "நாளைக்கு அதைச் சுத்திச் சிவப்புல ஒரு வட்டம் போட்டுடறேன். வேணும்னே வெச்சதுன்னு தெரியணும்ல."

"வேணும்னேதான்பா வெச்சேன்!"

மூடியைத் திருகி, உதைத்தாள். நெட்டைக்காலி கிளம்பியது. வழக்கமாக அடுத்தபடி நிற்கும் தெருக்கோடியைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. பெட்ரோல் பங்கில் வரிசையோடு சேர்ந்துகொண்டு, மைதானத்து வாசலில் லாரிக்காரனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு, எல்லா வண்டிகளோடும் உள்ளே போய் நின்றது.

விஷயம் இவ்வளவுதான். டேங்க்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, காலியாகும் இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும். வராவிட்டால், அந்தப் பாட்டிலைப் போல டேங்க் பெட்ரோலை உள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி வைத்த பட்டறையில் காற்று வந்தது. மூடி போட்ட தெருவில் வரவில்லை. இப்போது மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. வண்டி ஓடுகிறது.